இருபதுக்குப் பத்து

ஜனவரிக் காற்று என் கூரையிலிருந்து
ஒரே ஒரு சிலேட்டை உருவிப் போட்டது.
கூரை வேலைக்கு வந்த கெத்தின்
துண்டுகளைப் பொருத்தி வைத்து அளந்தான்.
இருபதுக்குப் பத்து அங்குலம்.
"இது கவுண்டஸ். இந்த ஊதாவை
இப்போது யாரும் வெட்டுவதில்லை.
மியூசியத்தில் கேட்டுப் பாருங்கள்" என்றான்,
மருந்துக்கடைக்கு அனுப்புகிறவன்போல.

சனிக்கிழமை மட்டும், இரண்டிலிருந்து நான்கு வரை.
வேல்ஸின் அத்தனை மழையும் பெய்து முடித்த
பழைய எடைமேடைக் கொட்டகை.
உள்ளே ஒரு மின்கணப்பு, ஒரு உண்டியல்,
பின்னலைக் கீழே வைக்காமல் தலையசைத்த நெஸ்ட்டா.
நாளிதழைப் பிரித்துத் துண்டுகளைக் காட்டினேன்.
"பின்னறையில் தேடுகிறேன்,
அதுவரை பார்த்துக்கொண்டிருங்கள்."

பார்த்தேன்.
மரச்சுத்தி. அகல உளி.
செங்குத்துப் பாறையில் தொங்கியவர்கள்
தொடையில் சுற்றிக்கொண்ட சங்கிலி.
சுவரில் அளவு வாரியாக வரிசை:
ராணி, டச்சஸ், கவுண்டஸ், சீமாட்டி.
அடேயப்பா,
அரண்மனைப் பெண்களையெல்லாம்
இடது தொடையில் சாய்த்துப் பிளந்திருக்கிறார்கள்,
இருமிக்கொண்டே.

கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று.
கணக்கேட்டில் ஆயிரம் என்பது
ஆயிரத்து இருநூற்று அறுபது.
அறுபது, உடைவதற்கு.
இருநூறு எதற்கு என்பதற்கு
ஏட்டில் இடம் விடவில்லை.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் ஓர் அட்டை.
வெயில் குடித்துத் தேநீர் நிறம்.
'இந்த வீட்டில் துரோகி யாரும் இல்லை.'

மூன்று வருட வேலைநிறுத்தத்தில்
ஜன்னலுக்கு ஜன்னல் இதைக் குத்தி வைத்தார்களாம்.
யார் மலைக்குத் திரும்பினாரோ
அவர் வீட்டில் அட்டை இறங்கும்.
தெரு
அந்த வெறும் கண்ணாடியைத்தான்
உரக்க வாசித்தது,
கோயிலில், கடையில்,
பிள்ளைகள் விளையாடும் இடத்தில்.

மூலைக்கு ஒரு துளை போதும்.
இதில் மூலைக்கு இரண்டு.
மறுபடி எண்ணினேன். எட்டு.

கழற்றியிருக்கிறார்கள்.
திரும்பக் குத்தியிருக்கிறார்கள்.
இடையில் எத்தனை நாள்?
ஒரு மூட்டை மாவின் நாட்களா,
ஒரு சின்னச் சவப்பெட்டியின் விலைக்கான நாட்களா?
திரும்பக் குத்தியபோது
தெரு அதை நம்பியதா?
குறிப்பில் இருந்தது இவ்வளவே:
'நன்கொடை. பெயர் வேண்டாம் என்றார்.'

நெஸ்ட்டா ஒரு கவுண்டஸைத் தூக்கி வந்தாள்,
சேலையில்லாத இடுப்பில் குழந்தையை இடுக்குவதுபோல.
விரல்கணுவால் தட்டினாள். மணிபோல் கேட்டது.
"விரிசல் இல்லை. எந்த வீட்டுக்கு?"

"பாலத்தைத் தாண்டி, வரிசையில் ஏழாம் எண்.
போன வருஷம்தான் வாங்கினேன்."

அவள் அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருந்தது
எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"எவ்வளவு தரட்டும்?"
"ஏழாம் எண்ணில் நாங்கள் காசு வாங்குவதில்லை."

சலுகையா, விலக்கா?
நூலை விரலில் சுற்றத் தொடங்கிவிட்டாள்.
உண்டியலில் போடவா என்று
கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை.
பேருந்துவரை
அது என் கையில் கனத்தது.

திங்களன்று கெத்தின் ஏறிப் பொருத்தினான்.
மற்றவற்றைவிட ஒரு மாற்று கறுப்பு.
"நனைந்தால் எல்லாம் ஒரே நிறம்" என்றான்,
கூலியைச் சரியாக எண்ணி வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் முன் ஜன்னல் சட்டத்தின் மூலையை
நகத்தால் சுரண்டினேன்.
வெள்ளை. அதற்கடியில் பச்சை.
அதற்கும் அடியில் செங்காவி.
மரம் வரும் முன் நிறுத்திவிட்டேன்.

வெளியே யாரோ நாயோடு போனார்.
நின்று
ஜன்னலைப் பார்த்தார்.
கையசைத்தேன்.